தச்சுப் பட்டறைக்குத் திரும்ப நினைக்கும் கட்டடக் கலைஞருக்கு

கேள்வி: நான் பி.ஆர்க். முடித்து, மதுரையில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கட்டடக் கலை மன்றத்தில் பதிவும் செய்திருக்கிறேன். என் அப்பா செங்கோட்டைப் பக்கம் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அங்கே முக்காலி, விளக்குத்தண்டு, அஞ்சறைப்பெட்டி என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். அலுவலகத்தில் வரைவதைவிட அதில்தான் என் மனம் ஒன்றுகிறது. இப்போது ஊருக்கு அருகில் உள்ள ஒரு கல்லூரியில் கட்டடக் கலை கற்பிக்க அழைத்திருக்கிறார்கள். முழுநேரமாகவும் சேரலாம், வாரத்தில் இரண்டு நாள் வருகைதரு ஆசிரியராகவும் வரலாம் என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, சிறிய வீடுகளை வடிவமைத்துக்கொண்டு, பட்டறையில் மரச்சாமான் செய்து, கல்லூரியிலும் கற்பிக்கலாம் என்று நினைக்கிறேன். ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்கிறார் மாமா. ‘இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன்’ என்று அப்பா வருந்துகிறார். நான் நினைப்பது சாத்தியமா? மேற்படிப்பு அவசியமா?
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். நீங்கள் கேட்டிருக்கும் மூன்று வேலைகளும் ஒரே வாழ்வில் சேர்ந்திருக்க முடியும். வீடு வடிவமைப்பதையும் மரச்சாமான் செய்வதையும் கற்பிப்பதையும் பல ஆண்டுகளாகச் சேர்த்தே செய்துவருபவன் என்ற முறையில் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். ஆனால் மூன்றுக்கும் சமமான இடம் கொடுத்து, வாரத்தை மூன்றாகப் பங்கிட்டு நடத்த முயன்றால் உங்கள் மாமா அஞ்சுவதுதான் நடக்கும். மூன்றில் ஒன்று நடுவில் நிற்க வேண்டும். மற்ற இரண்டும் அதற்கு வேலை கொண்டுவர வேண்டும், அல்லது அதிலிருந்து வேலை பெற வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், உங்களுக்கு நடுவில் நிற்க வேண்டியது பட்டறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டடம் அமைப்பவர் வேறு, மரம் இழைப்பவர் வேறு, கற்பிப்பவர் வேறு என்ற பிரிவு நம் நாட்டில் மிகப் பழையதன்று. சிற்ப நூல்கள் ஸ்தபதி (தலைமைக் கலைஞர்), சூத்திரகிராகி (அளவிடுபவர்), வர்த்தகி (இணைத்துப் பொருத்துபவர்), தட்சகர் (வெட்டிச் செதுக்குபவர்) என்று நால்வரைச் சொல்கின்றன; நால்வரும் ஒரே பணியின் வெவ்வேறு நிலைகளில் நிற்பவர்கள். நம் காலத்திலேயே, கன்னியாகுமரியில் 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய வை. கணபதி ஸ்தபதி, மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியை நீண்ட காலம் தலைமையேற்று நடத்தியவரும் ஆவார். கோயில் எழுப்பியதும், சிலை வடித்ததும், மாணவர்களை உருவாக்கியதும் அவருக்குத் தனித்தனித் தொழில்களாக இருக்கவில்லை. கல்லில் வேலை செய்யத் தெரிந்ததே மற்ற இரண்டுக்கும் அடிப்படையாக இருந்தது.

மரவேலைக்கு நெருக்கமான இன்னொருவரின் வாழ்க்கை புதுச்சேரியோடு தொடர்புடையது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். ஜார்ஜ் நாகஷிமா 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் எம்.ஐ.டி.யிலும் கட்டடக் கலை பயின்று, பின்னர் டோக்கியோவில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை ரேமண்ட் வடிவமைத்தபோது, அதன் கட்டுமானத்தைக் களத்திலிருந்து கவனிக்க வந்தவர் நாகஷிமா. 1937இல் வேலை தொடங்கிய அந்தக் கட்டடம், இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று. வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் திருப்புப் பட்டைகள் அதன் முகப்பு முழுவதும் ஓடுகின்றன. அறைகளுக்கு உள்ள தேக்கு இழுவைக் கதவுகளில் சட்டங்கள் முன்னும் பின்னுமாக அடுக்கப்பட்டிருப்பதால் காற்று நுழையும், பார்வை நுழையாது. அந்த அறைகளுக்கான மரச்சாமான்களையும் நாகஷிமாவே அங்கு வடிவமைத்தார். புதுச்சேரிக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் அனுமதி பெற்று அந்தக் கதவுகளை அருகில் நின்று பாருங்கள். ஒரு கதவுச் சட்டத்தின் குறுக்களவு ஓர் அறையின் தட்பவெப்பத்தைத் தீர்மானிப்பதை அங்கே காணலாம்.

அமெரிக்கா திரும்பிய பின்னர், அங்கு கட்டடங்கள் கட்டப்படும் தரம் அவருக்கு ஏமாற்றம் அளித்தது. தொடக்கம் முதல் முடிவு வரை தம் கையில் இருக்கக்கூடிய வேலை வேண்டும் என்று அவர் மரச்சாமான் பக்கம் திரும்பினார். சியாட்டிலில் ஒரு கிறிஸ்தவ மிஷன் பட்டறைக்கு இடம் கொடுத்தது. அதற்கு ஈடாக அங்கிருந்த சிறுவர்களுக்கு மரவேலை கற்றுக்கொடுத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது, 1942இல் குடும்பத்துடன் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரைச் சந்தித்து, ஜப்பானியக் கைக்கருவிகளைக் கையாளவும் பொருத்துகளைச் செய்யவும் அவரிடம் கற்றார். இரண்டு பல்கலைக்கழகங்களில் படித்து, மூன்று நாடுகளில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர், முப்பத்தேழு வயதில் ஒரு தச்சரிடம் மாணவராகச் சேர்ந்திருக்கிறார். உங்கள் அப்பாவிடம் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

1943இல் ரேமண்டின் உதவியால் முகாமிலிருந்து வெளிவந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறிப் பட்டறை அமைத்தார். கட்டடக் கலையை அவர் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். வீடு, பட்டறைகள், சிப்பி ஓடு போல் வளைந்த மெல்லிய கான்கிரீட் கூரை கொண்ட கோனாய்ட் கூடம் ஆகிய எல்லாவற்றையும் அந்த வளாகத்தில் அவரே வடிவமைத்தார். 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து அங்கும் மரச்சாமான்களை வடிவமைத்தார். அவரிடம் கட்டடக் கலை பட்டறைக்குள் வந்து, அதன் தேவைக்கு வேலை செய்தது. எது நடுவில் நிற்க வேண்டும் என்று நான் சொன்னதன் பொருள் இதுதான்.

இந்தியப் பெண் ஒருவரையும் சொல்ல வேண்டும். சிட்னியில் கட்டடக் கலை படித்துவிட்டு 1951இல் சண்டிகர் உருவாக்கக் குழுவில் சேர்ந்த யூலி சவுத்ரி, சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் பியர் ஜானரேயுடன் சேர்ந்து அந்நகரின் அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மரச்சாமான்களை வடிவமைத்தார். தேக்கும் பிரம்பும் கொண்டு உள்ளூர்த் தச்சர்கள் செய்த நாற்காலிகள் அவை. 1963 முதல் 1965 வரை டெல்லி திட்டமிடல் மற்றும் கட்டடக் கலைப் பள்ளியின் இயக்குநராக இருந்தார். பின்னர் ஹரியானாவுக்கும் பஞ்சாபுக்கும் தலைமைக் கட்டடக் கலைஞரானார். அந்த நாற்காலிகள் பிற்காலத்தில் அலுவலகங்களின் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் குவிந்து கிடந்து, பழைய சாமான் விலைக்குப் போய், வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலை பெற்றன. அவற்றைச் செய்த தச்சர்களில் பெரும்பாலோரின் பெயரை இன்று யாரும் அறியமாட்டார்கள். இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் பட்டறையில் இது நடக்கக் கூடாது.

இனி உங்கள் நிலைக்கு வருகிறேன். பட்டறையை நடுவில் வைக்கச் சொல்வதற்கு முதல் காரணம், கட்டடக் கலைக் கல்வியில் மிகக் குறைவாகக் கற்றுத்தரப்படுவது அங்கே இருக்கிறது என்பதே. ஒரு மேசைப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் நார் ஓடும் திசையில் ஏறத்தாழ அசைவதில்லை. நாருக்குக் குறுக்கே ஈரத்தை வாங்கி விரியும், இழந்து சுருங்கும். அந்தக் குறுக்கு அசைவும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் ஆரத் திசையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். உங்கள் ஊரில் ஆனி, ஆடிச் சாரலுக்கும் பங்குனி வெயிலுக்கும் இடையே மரத்தின் ஈரப்பதம் நான்கு விழுக்காடு மாறுவதாக வைத்துக்கொண்டால், இரண்டடி அகலத் தேக்குப் பலகை நான்கைந்து மில்லிமீட்டர் கூடிக் குறையும். வேறு மரங்களை நோக்கத் தேக்கின் அசைவு குறைவு. அதற்கே இந்தக் கணக்கு. அந்தப் பலகையை அடிச்சட்டத்தில் அசையாதபடி திருகாணி போட்டு இறுக்கினால், ஒன்று பலகை வெடிக்கும், இல்லையேல் சட்டம் வளையும். அதனால்தான் திருகாணித் துளையை நீள்வட்டமாக்குகிறார்கள். அல்லது சட்டத்தில் காடி (நீள்பள்ளம்) எடுத்து, சிறு கட்டைகளால் பலகையைப் பிடிக்கிறார்கள்.

நம் வீட்டுக் கதவுகள் சட்டமும் பலகையுமாகச் செய்யப்படுவதற்கும் இதே காரணம்தான். பலகை காடிக்குள் பசையின்றித் தளர்வாக நிற்க வேண்டும் என்பது எந்த மூத்த தச்சருக்கும் தெரியும். ஆனால் அதே கதவை வரைந்து கொடுக்கும் இளம் கட்டடக் கலைஞர்கள் பலர், பலகைக்கும் காடிக்கும் இடையில் இடைவெளியே விடாமல் வரைவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஐப்பசி மழையில் கதவு நிலையில் பிடிப்பதற்கு மரத்தையும் தச்சரையும் குறை சொல்கிறார்கள். குறை வரைபடத்தில் இருக்கிறது. நீங்கள் பட்டறையில் செலவிடும் ஓராண்டு, சன்னல், கதவு, மாடிப்படிக் கைப்பிடி, அலமாரி ஆகிய அனைத்தையும் நீங்கள் வரையும் விதத்தை மாற்றும். நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 42 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், மேசை மேற்பரப்பு அதற்கு மேலே 28 முதல் 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். உங்கள் அம்மாவின் கால் தரையில் படியாத நாற்காலியில் அவரை உட்காரவைத்துப் பார்க்கும்போதுதான் அந்த எண்ணை எங்கே தளர்த்த வேண்டும் என்பது விளங்கும்.

கட்டடக் கலை பட்டறைக்குத் தருவதும் உண்டு. முழு அளவில் வரைந்து பார்ப்பது, ஒரு பொருள் அறைக்குள் எவ்வளவு இடத்தை எடுக்கும் என்று முன்கூட்டியே காண்பது, மதிப்பீடு தயாரிப்பது, வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லாத தேவையைப் பேசி அறிவது ஆகியவை உங்கள் ஐந்தாண்டுப் படிப்பிலும் மூன்றாண்டு வேலையிலும் வந்தவை. நம் ஊர்ப் பட்டறைகளில் பல இன்று பிளைவுட்டும் மைக்காவும் ஒட்டித்தரும் இடங்களாகச் சுருங்கிவிட்டன. வாடிக்கையாளர் கைப்பேசியில் காட்டும் படத்தை அப்படியே செய்துதரும் நிலையிலிருந்து பட்டறையை மீட்கும் ஆற்றல் உங்களிடம் இருக்கிறது. பிளைவுட்டை நான் வெறுக்கவில்லை. அகன்ற பரப்புக்கு அது நல்ல பொருள். ஆனால் இழைப்புளி பிடிக்கத் தெரிந்த கைகளை அதிலேயே தீர்த்துவிடுவது பெரும் இழப்பு.

அப்பாவின் வருத்தத்தைப் பற்றிக் கூடுதலாகவே எழுத விரும்புகிறேன். அந்த வருத்தத்தைப் பழைய எண்ணம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தச்சர் வீட்டுப் பிள்ளை தச்சராகத்தான் இருக்கும் என்று ஊர் போட்ட கணக்கை மாற்றுவதற்காகவே அவர் உங்களைப் படிக்க வைத்தார். கட்டணம் கட்டுவதற்காக எத்தனை நிலைகளையும் கதவுகளையும் குறைந்த கூலிக்குச் செய்து கொடுத்திருப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும். இப்போது நீங்கள் பட்டறைக்குள் வருவதைப் பார்க்கும்போது, அந்த உழைப்பு முழுவதும் வந்த வழியே திரும்பியதாக அவருக்குத் தோன்றுகிறது. உங்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு, நீங்கள் இதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அவருக்குத் தேர்வு இருக்கவில்லை என்பது. இந்த வேறுபாட்டை நீங்கள் மறக்காமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

பேச்சைவிட நடைமுறை அவரை மாற்றும். பட்டறையை உங்கள் உரிமையாக எண்ணி நுழையாதீர்கள். அங்கே அவர் ஆசிரியர், நீங்கள் மாணவி. உங்கள் வேலைக்காக அவருடைய மரத்தையும் இயந்திரத்தையும் ஆட்களின் நேரத்தையும் பயன்படுத்தும்போது அதற்கு உரிய தொகையைக் கணக்கெழுதிக் கொடுங்கள். அப்பாதானே என்று விட்டால், உங்கள் நாற்காலியின் உண்மையான விலை உங்களுக்கே தெரியாமல் போகும். நீங்கள் வடிவமைத்து அவர் செய்த பொருளில் இருவர் பெயரும் இருக்கட்டும். மூத்த ஆசாரி ஒருவர் செய்திருந்தால் அவர் பெயர் இருக்கட்டும். கல்லூரியில் உங்கள் வகுப்புக்கு அவரை அழைத்துச் சென்று, பொருத்துகளைப் பற்றி மாணவர்களுக்கு அவரே காட்டும்படி செய்யுங்கள். விருந்தினர் விரிவுரைக்குக் கல்லூரி தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் தர வேண்டும் என்று முன்பே கேட்டு வாங்குங்கள். சால்வை மட்டும் போர்த்தி அனுப்புவதை ஏற்காதீர்கள்.

பட்டறையில் வேலை செய்பவர்கள் உங்களைச் சிறு வயதிலிருந்து ‘பாப்பா’ என்று அழைத்தவர்களாக இருப்பார்கள். அன்பான அழைப்புதான், ஆனால் வேலை சொல்லும் இடத்தில் அது உங்களுக்குத் தடையாகலாம். இதற்குக் கண்டிப்பு உதவாது. உளி தீட்டவும், இழைப்புளியின் தகட்டைச் சரியாக இறக்கி வைக்கவும், மூலைமட்டம் பிடித்துக் கோடு போடவும் உங்கள் கை பழகட்டும். கருவியைத் தீட்டத் தெரிந்தவரின் சொல்லுக்குப் பட்டறையில் தனி மதிப்பு உண்டு. இன்னொன்று: மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முகக்கவசமும் காதடைப்பானும் தூள் உறிஞ்சும் ஏற்பாடும் அழகுப் பொருள்களல்ல. நீங்கள் உள்ளே வந்ததால் பட்டறையில் ஏற்படும் முதல் மாற்றம் இதுவாக இருந்தால் அனைவருக்கும் நன்மை.

பணத்தைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும்; இந்தக் கூட்டு வாழ்க்கையில் நேர்மைக்குச் சோதனை வரும் இடமும் அதுவே. ஒருவருக்கு வீடு வடிவமைத்துத் தருகிறீர்கள். அதே வீட்டுக்குக் கதவும் கட்டிலும் உங்கள் பட்டறையில் செய்கிறீர்கள். கட்டடக் கலைஞர் என்ற முறையில் நீங்கள் வீட்டுக்காரரின் நலனைக் காக்க வேண்டியவர். பட்டறைக்காரர் என்ற முறையில் அவருக்குப் பொருள் விற்பவர். 1989ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் தொழில் நடத்தை விதிகள், வேலை பெறுவதற்காகக் கமிஷனோ தள்ளுபடியோ பரிசோ கொடுக்கவும் வாங்கவும் தடை செய்கின்றன. கட்டுமான ஒப்பந்தத்தை நிர்வகிக்கும்போது பாரபட்சமின்றி நடக்கவும் சொல்கின்றன. ஆகவே பட்டறை உங்கள் குடும்பத்துடையது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் தெரிவியுங்கள். மரவேலைக்கு வேறு இரண்டு பட்டறைகளிடமும் மதிப்பீடு வாங்கிக் கொடுத்து, முடிவை அவரிடம் விடுங்கள். வடிவமைப்புக் கட்டணம் தனி ரசீது, மரச்சாமான் தனி ரசீது. ஒன்றின் லாபத்தை மற்றொன்றில் மறைத்து ‘வடிவமைப்பு இலவசம்’ என்று சொல்லும் வழக்கம் இன்டீரியர் தொழிலில் பரவியிருக்கிறது. அது உங்கள் படிப்பையும் அப்பாவின் உழைப்பையும் ஒருசேர மலிவாக்கும்.

வரிக் கணக்கிலும் இரண்டும் வெவ்வேறு வகை வருமானம். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். சேவையும் சேர்த்து வழங்குபவருக்கு அது 20 லட்சம்தான். எனவே பட்டறை அப்பாவின் பெயரிலேயே தொடர்வதா, உங்கள் பெயரில் ஒன்று தொடங்குவதா என்பதை ஒரு கணக்குத் தணிக்கையாளரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள்.

விலை போடுவதில் புதியவர்கள் இரண்டைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்: கழிவு மரமும், தம் கையுழைப்பும். கன அடிக் கணக்கில் வாங்கிய மரத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுப்பிலும் இழைப்பிலும் முடிச்சு, வெடிப்பு நீக்குவதிலும் போய்விடும் என்று வைத்தே நான் மதிப்பீடு போடுகிறேன். பாலிஷுக்குப் போகும் நேரத்தை மரவேலை நேரத்துக்குச் சற்றும் குறையாமல் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் புதிய மரம் வாங்க வேண்டியதில்லை. காரைக்குடியில் பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த பர்மாத் தேக்கு விற்கும் கடைகள் இருக்கின்றன. பல்லாண்டு உலர்ந்த அந்த மரம் சிறு பொருள்களுக்கு மிக ஏற்றது. தேக்கைத் தவிர வேங்கை, பலா, பூவரசு, வாகை என்று உங்கள் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் மரங்களின் குணத்தை அப்பாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பேடு பின்னாளில் உங்கள் பாடத்திட்டமாகும்.

கற்பித்தலுக்கு வருகிறேன். இப்போதைக்கு முழுநேரப் பணியை ஏற்காதீர்கள். மாதச் சம்பளத்தின் கவர்ச்சி எனக்குத் தெரியும். குடும்பச் சூழல் அதைக் கட்டாயமாக்கினால் நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் முழுநேர ஆசிரியரின் நாள் வகுப்போடு முடிவதில்லை. வருகைப் பதிவு, மதிப்பெண், ஆய்வுக் குழுக்களுக்கான கோப்புகள், சேர்க்கைக் காலத்து வேலைகள் என்று அது நீளும். செய்யும் கையை அது மெதுவாக மரத்துப்போகச் செய்யும். வாரத்தில் இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளும் அடுத்தடுத்த நாள்களாக இருக்கட்டும்; இடையில் ஒரு நாள் விட்டால் பட்டறை வேலை அறுந்துபோகும். பருவ இறுதியில் மாணவர் வடிவமைப்புகளை மதிப்பிடும் ஜூரி நடக்கும் வாரங்களில் பட்டறையில் புதிய ஆர்டர் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பாடத்தைக் கேட்பது என்பதில் உறுதியாக இருங்கள். ஆள் இல்லாத பாடத்தை உங்கள் தலையில் கட்டிவிட எந்தக் கல்லூரியும் முயலும். முதலாண்டு வடிவமைப்பு ஸ்டூடியோவையோ கட்டுமானப் பொருள்கள் பாடத்தையோ கேளுங்கள். அங்கே மாணவர்களை முழு அளவில் ஒரு பொருளைச் செய்ய வையுங்கள். ஒரு பருவம் முழுவதும் ஒரே முக்காலி என்று வைத்தாலும் தவறில்லை. மூன்று காலும் தரையில் ஊன்றி, ஓர் ஆளின் எடையைத் தாங்கி, துளையும் அதில் நுழையும் கழுந்தும் சேரும் இடத்தில் ஆட்டம் இல்லாமல் நின்றால் அது தேர்ச்சி. நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாராமல் கழுந்து எடுத்த மாணவருக்கு, அது முறியும்போது கிடைக்கும் பாடத்தை எந்த விரிவுரையும் தர முடியாது. மாணவர்கள் கேட்கும் ‘ஏன்’ என்ற கேள்விகளுக்கு விடை தேடும்போது, உங்கள் அப்பா கைப்பழக்கத்தால் செய்யும் பலவற்றுக்கு நீங்கள் காரணம் கண்டுபிடிப்பீர்கள். கற்பித்தலிலிருந்து நீங்கள் பெறப்போவது அதுவே; ஊதியம் சிறியதாகத்தான் இருக்கும்.

மதுரை வேலையை உடனே விட வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் இப்போது நடக்கும் வேலைகளில் ஏதாவது ஒன்றைக் கதவு, சன்னல், படிக்கட்டு விவரங்கள் வரையும் கட்டத்திலிருந்து வீடு ஒப்படைக்கும் நாள் வரை உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்கி முடியுங்கள். தனியாகத் தொழில் தொடங்குபவருக்கு அந்த இறுதிக் கட்ட அனுபவம்தான் மிகவும் தேவைப்படுகிறது. அதற்குள் ஓராண்டு வீட்டுச் செலவுக்கான பணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்த முதல் ஆண்டில் வீட்டு வேலைகளை ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் ஏற்காதீர்கள். தெரிந்தவர் வீட்டு விரிவாக்கம், ஒரு சிறிய கடை என்று பட்டறையிலிருந்து போய்வரும் தூரத்தில் இருப்பவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பட்டறையில் பத்து வகைப் பொருள்களைச் செய்து படம் எடுத்துப் போடும் ஆசையை அடக்கி, ஒரே ஒரு நாற்காலியைத் தேர்ந்து, திருத்தித் திருத்தி மீண்டும் மீண்டும் செய்யுங்கள். செய்யப்படும் பொருள்களிலேயே கடினமானது நாற்காலி. உடலின் எடை முழுவதும் சாய்வாக இறங்கும் இடத்தில் மெல்லிய பொருத்துகள் நிற்க வேண்டும்; வளைவு அரை அங்குலம் தவறினால் முதுகு சொல்லிவிடும். அதைச் செய்யத் தெரிந்துவிட்டால் கட்டிலும் மேசையும் அலமாரியும் பின்னால் வரும். மாமாவுக்கும் அந்த நாற்காலியே விடையாக இருக்கட்டும். அவரோடு வாதம் செய்ய வேண்டாம்.

மேற்படிப்பு பற்றிய கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டும். பின்னாளில் நிரந்தர ஆசிரியராக விரும்பினால் கட்டடக் கலை முதுகலைப் பட்டமான எம்.ஆர்க். தேவைப்படும். கட்டடக் கலை மன்றத்தின் 2020ஆம் ஆண்டுக் கல்வித்தர விதிமுறைகளையும் அதன் பிந்தைய திருத்தங்களையும் படித்துவிட்டு, எந்தப் பட்டத்தை அவர்கள் ஏற்கிறார்கள் என்று உறுதி செய்த பிறகே சேருங்கள். மரச்சாமான் வடிவமைப்பில் ஆழமாகப் போவதே நோக்கமென்றால், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டம் கட்டடக் கலைக் கல்லூரியின் நிரந்தரப் பணிக்கு எம்.ஆர்க்.குக்கு ஈடாகும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளக் கூடாது. இவை இரண்டும் இப்போது அவசரமில்லை. முதலிரண்டு ஆண்டுகளில் பெங்களூரில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளில் ஒன்றுக்குப் போய்வாருங்கள். மரத்தை உலர்த்துவதையும் இயந்திர வேலையையும் முறையாகக் கற்க அது உதவும். முதுகலை பற்றி, நாற்காலியை நாலைந்து முறை திருத்திச் செய்து, மாணவர் குழு ஒன்றையாவது ஒரு பருவம் முழுவதும் நடத்திய பின்னர் மீண்டும் யோசியுங்கள். அப்போது எந்தத் துறையில் உங்கள் அறிவு போதாமல் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். விண்ணப்பத்தில் எழுதவும் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கும்.

கல்லூரிக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள். இரண்டு நாள், இந்த இந்தப் பாடம், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு ஊதியம், மாணவர் செய்யும் பொருள்களுக்கு மரமும் கருவியும் கல்லூரிச் செலவு, பருவத்துக்கு ஒருமுறை பட்டறையில் ஒரு நாள் வகுப்பு என்பதைக் கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிட்டு, அவர்களுடைய ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகு மதுரை அலுவலகத்தில் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவன்